சேர்க்காமல் வைத்திருந்த சேதி

கண்டக்டர் வந்து இறங்கிய காலையில் தையலக்கா சலவைக்கூடத்தில் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். வாசலில் யாரோ பெட்டியைத் தொப்பென்று போடும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்ப்பதற்குள், "அக்கா! எதிர்வீட்டு அக்கா!" என்று ஒரு குரல் இயந்திரங்களின் இரைச்சலை எல்லாம் அமுக்கிக்கொண்டு எழுந்தது. அந்தக் குரலைத் தையலக்கா எங்கிருந்தாலும் அடையாளம் சொல்வாள். முன்படியில் நின்று ஒரு அதட்டல் போட்டால் பின்படியில் தொங்குகிறவன் தானாக உள்ளே ஏறுவான், அப்படிப்பட்ட குரல். பதினான்கு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்த தொண்டை.

தையலக்காவின் கையிலிருந்த விரிப்பு நழுவி ஈரத்தரையில் விழுந்தது.

கண்டக்டர் ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "எலும்பும் தோலுமா ஆயிட்டீங்களேக்கா! இங்கதான் இருக்கீங்கன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா எப்பவோ வந்திருப்பேனே!" பிறகு கூடத்தில் இருந்தவர்களைப் பார்த்துத் திரும்பினாள். "இவங்க யாரு தெரியுமா? ஒரே மாடி, எதிரும் புதிருமா வீடு. எனக்குக் கூடப்பிறந்தவங்கன்னு யாரும் கிடையாது, இவங்கதான். அன்னிக்கு இவங்க மட்டும் வீட்ல இருந்திருந்தா என் வீட்டுக்காரர் இன்னிக்கு உயிரோட இருப்பார். கதவைத் திறந்து உள்ள இழுத்துப் போட்டிருப்பாங்க. என்ன பண்றது, அன்னிக்குன்னு பார்த்துப் பொண்ணைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. இல்லக்கா?"

துவைத்துக்கொண்டிருந்தவர்கள், இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர்கள், பதினைந்து பேரும் தையலக்காவைப் பார்த்தார்கள்.

"ஆமா," என்றாள் தையலக்கா.

ஒரே ஒரு சொல். அதுவரை அவள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாள், பொய் சொன்னதில்லை. அந்த நிமிஷம் அதையும் சொல்லி முடித்தாள்.

அந்தச் சலவைக்கூடம் இருந்த குடியிருப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் அது காகித ஆலைத் தொழிலாளர்களுக்காகக் கட்டியது. ஆலை மூடியபின் கூரையில் செடி முளைத்துக் கிடந்தது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் மேட்டுக்காரர்கள், அந்தப் பக்கம் கரைக்காரர்கள். ஒரே பள்ளிக்கூடத்தில் படித்து, ஒரே பஸ்ஸில் இடிபட்டு, ஒரே கடையில் பேரம் பேசி வாழ்ந்தவர்கள் ஒரு கோடையில் பதினோரு நாள் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டார்கள். எல்லாம் அடங்கியபின், இனிமேல் தனித்தனியாக இருந்தால் இது மறுபடியும் வரும் என்று பயந்த கொஞ்சம் பேர், இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து அந்தப் பாழடைந்த வீடுகளைத் தட்டிக்கொட்டிக் குடியேறினார்கள். வாசல் பலகையில் 'சமாதானக் குடியிருப்பு' என்று எழுதியிருந்தது. உள்ளே இருப்பவர்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை. குவார்ட்டர்ஸ் என்பார்கள்.

விதிகள் அதிகம் இல்லை. சமையலறை எல்லோருக்கும் ஒன்று. வேலை எப்போதும் ஜோடியாக, ஒருவர் மேடு என்றால் மற்றவர் கரை. சனிக்கிழமை பிற்பகல் பழைய பள்ளி அறையில் எல்லோரும் கூட வேண்டும். தனக்கு நடந்ததையோ தான் செய்ததையோ சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லலாம். சொன்னவருக்கு அன்று யாரும் பதில் பேசக் கூடாது. வீடுகளின் சாவிகளையெல்லாம் இடுப்பில் கட்டிக்கொண்டு, கோணல் காலை இழுத்து இழுத்து நடக்கும் ஒரு பழைய கோர்ட் டைப்பிஸ்ட் இதையெல்லாம் மேற்பார்த்தார். சாவிக்காரர் என்று பெயர். எந்தப் பக்கத்து ஆள் என்று கேட்டால், "கால் போன பக்கத்து ஆள்" என்பார்.

தையலக்கா அங்கே வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. சனிக்கிழமைகளில் நாலைந்து முறை பேசியும் இருக்கிறாள். தன் தையல் கடை எரிந்தது, பதினோரு நாளும் ஜன்னல் திறக்காமல் கிடந்தது, இப்படி. சொன்னதெல்லாம் நடந்ததுதான். சொல்லாமல் விட்டதுதான் அவளைத் தின்றுகொண்டிருந்தது.

அன்று அவள் வீட்டில்தான் இருந்தாள்.

காலையில் மகளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியது உண்மை. போகிறோம் என்று எதிர்வீட்டில் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள். சாலை மறித்துக்கிடந்ததால் பாதியில் திரும்பிப் பின்பக்கப் படிக்கட்டு வழியாக வந்துவிட்டார்கள். யாரும் பார்க்கவில்லை. பிற்பகல் மூன்று மணி இருக்கும், தெருமுனையில் கூச்சல் கேட்டது. கொஞ்ச நேரத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள். கதவில் பதித்திருந்த சின்னக் கண்ணாடித் துளை வழியாகப் பார்த்தாள். கண்டக்டரின் வீட்டுக்காரர், மேட்டுத் தெருவில் குடியிருந்த கரைக்காரர். மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்க்கிறவர், சாதுவான மனுஷர். அவள் அப்போது போட்டுக்கொண்டிருந்த கண்ணாடி அவர் தேய்த்துக் கொடுத்ததுதான்.

அவள் கை தாழ்ப்பாளுக்குப் போனது. மகள் நிறைமாத வயிற்றோடு தள்ளாடி வந்து அந்தக் கையைப் பிடித்தாள். "வேணாம்மா. திறக்காதம்மா."

அவர் ஏழு தடவை தட்டினார். பிறகு கதவோடு வாயை வைத்துக் கொஞ்ச நேரம் பேசினார். தன் மனைவியிடம் சொல்லச் சொல்லி ஒரு சேதி. சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். தெருக்கோடியில் மின்மாற்றிக் கம்பத்துக்குப் பக்கத்தில் அவரைப் பிடித்தார்கள்.

கண்டக்டரின் பஸ்ஸை அன்று பாலத்திலேயே நிறுத்திவிட்டதால் அவள் பிழைத்தாள். அந்த மாடிக்கு அவள் திரும்பி வரவே இல்லை, வெளியூரில் யாரோ உறவுக்காரர்கள் வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். முகவரி தெரியாது, அதனால் சொல்ல முடியவில்லை என்று தையலக்கா ஆறு வருஷமாகத் தனக்குத் தானே சமாதானம் சொல்லிவந்தாள். இப்போது அந்த முகவரி பெட்டி படுக்கையோடு வந்து எதிரே நின்றது.

"எனக்கு இவங்களோடதான் வேலை போடணும்," என்று கண்டக்டர் முதல் நாளே அடம் பிடித்தாள். தையலக்கா மேடு, அவள் கரை, ஜோடி சரியாக இருந்ததால் சாவிக்காரரும் போட்டுவிட்டார்.

படுக்கை விரிப்பை ஒரு ஆளாக ஒழுங்காக மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, உதறி, விறைப்பாக இழுத்து, எதிரும் எதிருமாக நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு விரிப்பு. முந்நூறு தடவை கண்டக்டரின் முகம் தையலக்காவின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து நிற்கும். ஒவ்வொரு தடவையும் அது சிரிக்கும்.

"முன்னாடி போங்க, முன்னாடி போங்க, உள்ள இடம் இருக்கு," என்று விரிப்போடு நடந்து வருவாள். கூடமே சிரிக்கும். தையலக்காவின் முழங்கால் வலிக்குத் தைலம் வாங்கி வந்தாள். "குந்திக்கிட்டு வேலை செய்யாதீங்கக்கா, நான் எதுக்கு இருக்கேன்?" என்று கூடையைப் பிடுங்கிக்கொள்வாள். மத்தியானம் ரொட்டியில் மெத்தென்ற நடுப்பாகத்தைப் பிய்த்து அக்கா தட்டில் வைத்துவிட்டு ஓரத்தைத் தான் கடிப்பாள். தையலக்கா தலை நிமிராமல் அதைத் தின்று முடிப்பாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருக்கும். அந்தத் தைலத்தைத் தடவும்போதெல்லாம், திருடிய பொருளை ஒளித்து வைத்துக்கொண்டு பூசுகிற மாதிரி இருந்தது.

இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் சாவிக்காரரிடம் போனாள்.

"என்னை சமையலுக்கு மாத்திடுங்க."

"ஏன், கண்டக்டரம்மா சத்தம் தாங்கலையா?"

"அதெல்லாம் இல்ல."

"அப்ப என்ன?"

அவள் முந்தானையை விரலில் சுற்றினாள். சாவிக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "காரணம் இல்லாம மாத்தினா அந்தம்மா நேரா உங்ககிட்டதான் வந்து ஏன்னு கேக்கும். அதுக்கு ஒரு பதிலைத் தயார் பண்ணிட்டு வாங்க," என்றார்.

அந்தப் பதில்தான் தயாராக இல்லை.

மூன்றாவது மாதம் ஒரு சனிக்கிழமை கண்டக்டர் முதன்முறையாகப் பேச எழுந்தாள். வழக்கமான குரலைக் காணோம். முதல் வரிசைக்காரர்கள்கூடக் காதைக் கூர்மையாக்க வேண்டியிருந்தது.

"அன்னிக்குக் காலைல நானும் அவரும் சண்டை போட்டோம். ஊர் சரியில்ல, லீவு சொல்லிடு, ரெண்டு பேரும் ஆத்துக்கு அந்தப் பக்கம் அவரோட அண்ணன் வீட்டுக்குப் போயிடலாம்னு அவர் சொன்னார். எனக்குக் கோவம் வந்துடுச்சு. நான் பஸ்ல எத்தனை ரவுடியைப் பார்த்தவ! 'உன்ன மாதிரி ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததே இல்ல, வேணும்னா நீ போய் ஒளிஞ்சுக்கோ'ன்னு சொல்லிட்டேன். அவர் கட்டி வச்ச சாப்பாட்டு டப்பாவை எடுக்காமலே போயிட்டேன். அவர் போயிருப்பார். நான் அப்படிச் சொன்னதால ரோஷப்பட்டு நின்னுட்டார். அவரைக் கொன்னது அவனுங்க மட்டும் இல்ல. இந்த வாயும்தான்." சொல்லிவிட்டுத் தன் வாயில் தானே பட்டென்று ஒரு அடி போட்டுக்கொண்டாள்.

விதிப்படி யாரும் பேசவில்லை.

தையலக்கா பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கதவோடு வாய் வைத்து அந்த மனுஷர் சொல்லிவிட்டுப் போனது சரியாக இதற்கான பதில். இதே சண்டைக்கான பதில். இத்தனை நாள் அவள் தன் குற்றம் கதவைத் திறக்காதது என்று மட்டும் எண்ணியிருந்தாள். சேதியைச் சொன்னால் வீட்டில் இருந்ததும் சேர்ந்து வெளியே வரும் என்பதால், அதையும் சேர்த்துப் புதைத்தாள். அது ஒரு பொம்பளையின் நெஞ்சில் தைத்த முள்ளை எடுத்துவிடும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. கதவைத் திறக்காதது ஒரு நாள் செய்தது. இதை ஆறு வருஷமாக, தினமும் காலையில் எழுந்து புதிதாகச் செய்திருக்கிறாள்.

அடுத்த சனிக்கிழமை எழுந்து சொல்லிவிடலாம் என்று முதலில் நினைத்தாள். சனிக்கிழமை சொன்னால் யாரும் பதில் பேச மாட்டார்கள். அந்தப் பாதுகாப்பை நினைத்ததும் அவளுக்கே வெட்கமாக இருந்தது. மறுநாள் காலை, நாலாவது விரிப்பில் முகமும் முகமும் அருகே வந்தபோது சொன்னாள்.

"நான் ஆஸ்பத்திரிக்குப் போகல. வீட்லதான் இருந்தேன்."

கண்டக்டருக்குப் புரியவில்லை. "எப்பக்கா?"

"அன்னிக்கு. தம்பி வந்து கதவைத் தட்டினாரு. நான் திறக்கல."

கண்டக்டர் விரிப்பின் முனையைப் பிடித்தபடியே நின்றாள். துவைக்கும் இயந்திரம் ஒன்று ஓட்டம் முடிந்து கடகடவென்று உதறி அடங்கியது.

"எத்தனை தடவை தட்டினார்?"

"ஏழு."

"எண்ணினியா?"

"எண்ணினேன்."

'நீங்க' போய் 'நீ' வந்ததைத் தையலக்கா கவனித்தாள். "போறதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லச் சொல்லி ஒரு சேதி சொன்னாரு. காலைல நடந்த சண்டையைப் பத்தி. நான்..."

"நிறுத்து." கண்டக்டர் முனையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "அவர் எனக்குச் சொல்லி அனுப்பினாரா? உன்கிட்டயா? ஆறு வருஷமா அதை உள்ள வச்சுக்கிட்டா என் கையால வாங்கித் தின்னே? தைலம் வாங்கிக் கொடுத்தேனே, அப்பக்கூட வாயைத் திறக்கலையே நீ!" பின்னால் இரண்டடி போனாள். "சொல்லாத. அவர் பேசினது உன் வாயால எனக்கு வேண்டாம்."

விரிப்பை விட்டுவிட்டு வெளியே போனாள். இஸ்திரி போடுகிற இருவரும் தலையைக் குனிந்துகொண்டு, ஏற்கெனவே சுருக்கம் போன துணியைத் திரும்பத் திரும்பத் தேய்த்தார்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குள் விஷயம் குவார்ட்டர்ஸ் முழுக்கப் பரவிவிட்டது. கரைக்காரர்கள் மேசையில் அவள் உட்கார்ந்தால் எழுந்து போகவில்லை, ஆனால் பேச்சு நின்றுபோகும். மேட்டுக்காரர்கள்தான் இன்னும் மோசம். சமையல்காரி அவளைப் பாத்திரம் கழுவும் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போய்ப் பல்லைக் கடித்தாள். "உனக்கு அறிவு இருக்கா? நம்ம எல்லாரும் கதவைச் சாத்தினவங்கதான். நான் ரெண்டு தாழ்ப்பாளும் போட்டுக் கட்டிலை இழுத்து முட்டுக் கொடுத்தேன். ஊருக்கே தமுக்கடிச்சேனா? இப்ப எல்லாரையும் சந்தேகமா பார்க்கறாங்க, உன்னால."

"உங்க கதவை யாராவது தட்டினாங்களா?" என்று கேட்டாள் தையலக்கா.

சமையல்காரி கரண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் தையலக்கா பையைக் கட்டினாள். சாவியைக் கொடுக்கப் போனபோது சாவிக்காரர் வாங்கிக்கொள்ளவில்லை.

"போறதும் இருக்கறதும் உங்க இஷ்டம்மா. யாரையும் கட்டிப்போட இது ஜெயில் இல்ல. ஆனா நீங்க போயிட்டா அந்தம்மா யாரைத் திட்டும்? மறுபடியும் தன்னையேதான் திட்டிக்கும்."

"என் மூஞ்சியைப் பார்த்தா அவளுக்கு எரியுமே."

"எரியட்டுமே. எரியறது உங்க மேலதானே, தன் மேல இல்லையே?"

அவள் பையை அவிழ்த்தாள்.

கண்டக்டர் தோட்டவேலைக்கு மாறிவிட்டாள். சலவைக்கூடத்தில் தையலக்காவோடு ஜோடி சேர ஆள் கிடைக்கவில்லை. விரிப்பின் இரண்டு முனைகளை ஜன்னல் கம்பியில் துணிக்கவ்வியால் மாட்டிவிட்டு மறுமுனையைப் பிடித்து மடித்தாள். கோணல்மாணலாக வந்தது. பிரித்து மறுபடியும் மடித்தாள். முந்நூறுக்குப் பதில் நூற்றிருபதுதான் முடிந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் எதிர்ப்பட்டால் கண்டக்டர் அவளைத் தூணைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுப் போவாள். இது தனக்கு வேண்டியதுதான் என்று தையலக்கா நினைத்தாள். அப்படி நினைப்பதில் ஒரு சின்ன ஆறுதல் இருப்பது தெரிந்ததும் அதற்காகவும் தன்னை நொந்துகொண்டாள்.

பத்தொன்பதாவது நாள் பிற்பகல் கண்டக்டர் கூடத்து வாசலில் வந்து நின்றாள். முழங்கை வரை மண்.

"என் ரூமுக்கு வா."

முன்னால் அவள் நடந்தாள், பின்னால் இவள். கண்டக்டரின் வீடு கடைசி வரிசையில், பச்சை பெயின்ட் உரிந்த கதவு. கண்டக்டர் உள்ளே போய்த் திரும்பினாள்.

"நான் உள்ள நிக்கறேன். நீ வெளில நில்லு. ஏழு தடவை தட்டு. அவர் என்ன சொன்னாரோ அதைச் சொல்லு. ஒண்ணு கூட்டாத, ஒண்ணு குறைக்காத."

கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

எதிர்வரிசையில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு கிழவர் வாளியோடு அப்படியே நின்று பார்த்தார். அவள் தட்டினாள். ஒவ்வொரு தட்டுக்கும் நடுவே அந்த மனுஷர் எவ்வளவு நேரம் விட்டார் என்பதுகூட அவளுக்கு நினைவிருந்தது. மூன்றாவது தட்டுக்கு மேல் அவர் வேகமாகத் தட்டவில்லை, மெதுவாகத்தான் தட்டினார், தூங்குகிறவரை எழுப்பத் தயங்குவது போல. ஏழாவது தட்டுக்குப் பின் கதவோடு வாயை வைத்தாள். உரிந்த பெயின்ட் உதட்டில் குத்தியது.

"அக்கா, உள்ள இருக்கீங்கன்னு தெரியும். மத்தியானம் தையல் மிஷின் சத்தம் கேட்டுச்சு." மூச்சைப் பிடித்துக்கொண்டு தொடர்ந்தாள். "திறக்க முடியலன்னா பரவால்ல, பொண்ணு வேற அப்படி இருக்கு. அவ வந்தா ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க. காலைல அவ சொன்னதுக்காக நான் நிக்கல. கடைல ஒரு கண்ணாடி பாக்கி இருந்துச்சு, சாயங்காலம் தர்றேன்னு சொல்லியிருந்தேன், அதை முடிச்சிட்டுக் கிளம்பலாம்னுதான் நின்னேன். வேற ஒண்ணும் இல்ல. எனக்குக் கோவம் எல்லாம் கிடையாதுன்னு சொல்லுங்க. டப்பாவைக் கழுவி வச்சிட்டேன்னும் சொல்லுங்க."

அவ்வளவுதான். முடிந்துவிட்டது. அவள் நெற்றி கதவில் சாய்ந்திருந்தது.

உள்ளே சத்தமே இல்லை. வெயில் பிடரியில் சுட்டது. ஒருவர் கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது வெளியே நிற்கிறவருக்கு நன்றாகவே தெரியும் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

வெகுநேரம் கழித்து உள்ளிருந்து குரல் வந்தது. "அன்னிக்கு என்ன கிழமை?"

"புதன்."

"புதன்கிழமை கடை லீவு."

அது தையலக்காவுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்தான். ஒருநாளும் யோசித்ததில்லை.

"லீவுடி! வருஷம் பூரா புதன்கிழமை லீவு. அதனாலதான் புதன்கிழமை மட்டும் அவர் எனக்குச் சாப்பாடு கட்டுவார். கண்ணாடியாம், பாக்கியாம்!" உள்ளே ஒரு சிரிப்பு கிளம்பியது. பழைய பஸ் சிரிப்பு. பாதியிலேயே அது அழுகையாகப் புரண்டது. "பொய்யி. தெருவுல அவனுங்க வர்றானுங்க, இந்த மனுஷன் கதவுகிட்ட நின்னு எனக்காக ஒரு பொய்யை யோசிச்சுக்கிட்டிருக்கார். அதையாவது ஒழுங்கா சொல்லத் தெரியுதா!"

அழுகை அடங்க நேரமாயிற்று. பிறகு அவள் குரல் கதவுக்கு மிக அருகில் வந்தது. "இதை நீயா கட்டிச் சொல்லியிருக்க முடியாது. கட்டிச் சொல்றவ கடை திறந்திருந்துச்சுன்னு சொல்ல மாட்டா. இது அவர் பேசினதுதான்."

"அவர் பேசினதுதான்."

"கதவைத் திறக்கலாம்னுதான் கிட்ட வந்தேன். திறக்க மாட்டேன். நீ கொஞ்ச நேரம் நில்லு. அப்புறம் போ."

தையலக்கா நின்றாள். கிழவர் துணியெல்லாம் உலர்த்தி முடித்து, வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போகும்வரை நின்றாள்.

மறுநாள் காலை அவள் விரிப்பை ஜன்னல் கம்பியில் மாட்டப் போனபோது ஒரு கை வந்து அந்த முனையை வாங்கிக்கொண்டது.

"உன்னை மன்னிச்சிட்டேன்னு நினைச்சுக்காத," என்றாள் கண்டக்டர். "இப்படி மடிச்சு அனுப்பினா ஆஸ்பத்திரில காறித் துப்புவாங்க. அதுக்காக வந்தேன்."

அதற்கப்புறம் அவள் 'அக்கா' என்று கூப்பிட்டதே இல்லை. மற்றவர்களைப் போலத் தையல் என்றாள், சில நாள் ஏ என்றாள். ரொட்டியின் நடுப்பாகமும் வரவில்லை. ஆனால் வேலை நடுவில் திடீரென்று, "டப்பா பத்திச் சொன்னப்போ குரல் எப்படி இருந்துச்சு?" என்பாள். இவள் சொல்வாள். "இருமினாரா?" என்பாள். ஒரு தடவை இருமினார் என்பாள் இவள். அந்த மனுஷரின் கடைசி ஐந்து நிமிஷத்தை அவர்கள் இருவரும் விரிப்புக்கு விரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் பார்த்தார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லத் தையலக்கா கற்றுக்கொண்டாள். கண்டக்டரும் தன் வாயில் அடித்துக்கொள்வதை விட்டாள். சமையல்காரி ஒரு சனிக்கிழமை எழுந்து நின்று, ஒரு நிமிஷம் வாயைத் திறந்து மூடிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தாள். அடுத்த வாரமும் எழுந்தாள். அன்று சொன்னாள்.

தையலக்கா நடந்ததையெல்லாம் மகளுக்குப் போனில் சொன்னாள். வெளியூரில் இருக்கும் மகள் வருஷத்துக்கு ஒரு தடவை வந்தால் அதிகம். பேச்சு என்றால் சளி, காய்ச்சல், பள்ளிக்கூடம், அவ்வளவுதான். அன்று பாதியிலேயே போனை வைத்துவிட்டவள், அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை தன் பெண்குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்றாள்.

சாப்பாட்டுக் கூடத்தில் அப்போது கூட்டம் இல்லை. கண்டக்டர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். மகள் நேராக அவள் எதிரே போய் உட்கார்ந்தாள். குழந்தை அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டு கண்டக்டரையே பார்த்தது.

"என்ன வயசு?" என்று கேட்டாள் கண்டக்டர்.

"ஆறு," என்றது குழந்தை.

கண்டக்டர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கணக்குப் போட அவளுக்கு நேரம் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு, "வெளில மரத்தடில பூனை குட்டி போட்டிருக்கு. தொடாம பாரு," என்று அனுப்பினாள்.

"அம்மாவைத் திட்டாதீங்க," என்றாள் மகள். மேசையின் மேல் கையைக் கோத்து வைத்திருந்தாள், விரல்கள் வெளுத்திருந்தன. "அம்மா திறக்கத்தான் போனாங்க. தாழ்ப்பாள்ல கை வச்சிட்டாங்க. நான்தான் போய்க் கையைப் பிடிச்சேன். திறக்காதம்மான்னு சொன்னது நான். அவர் செத்தது என்னாலதான். இத்தனை வருஷமா என் பொண்ணுக்குத் தலை வாரும்போதெல்லாம் அதான் ஞாபகம் வரும். அம்மா மேல போட்டுடாதீங்க."

தையலக்கா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். இது வரும் என்று மகள் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது. ஆறு வருஷமாக மகள் ஏன் அடிக்கடி வருவதில்லை என்று கேட்காமல் இருந்ததற்கும் காரணம் இதுதான். கண்டக்டரிடம் சொன்னபோதுகூட, சாவிக்காரரிடம், சனிக்கிழமைக் கூட்டத்தில், எங்கும் தாழ்ப்பாளருகே நடந்த இந்த ஒரு துளியை மட்டும் அவள் சொல்லவில்லை. மகள் கையைப் பிடித்தாள் என்பது ஒரு ஓரத்தில் அவளுக்கு வசதியாக இருந்தது.

"இல்லம்மா," என்றாள்.

மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ வந்து பிடிக்கறதுக்கு முன்னாடியே நான் கையை எடுத்துட்டேன். தாழ்ப்பாளைத் தொட்டேன். ஜில்லுன்னு இருந்துச்சு. எடுத்துட்டேன். நீ பிடிச்சது சும்மா தொங்கிக்கிட்டிருந்த கையை. நீ அந்த ரூம்ல தூங்கிக்கிட்டிருந்திருந்தாலும் நான் திறந்திருக்க மாட்டேன்."

மகள் எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழப் பார்த்து நின்றது. "இதை இப்ப சொல்றியாம்மா?" என்றாள். குரலில் கோபமா என்னவென்றே தெரியவில்லை. வெளியே போய், கைகழுவும் குழாயைத் திறந்துவிட்டு, முகம் கழுவாமல் அப்படியே நின்றாள். தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

தையலக்கா இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. கண்டக்டரைப் பார்க்கவும் தைரியம் வரவில்லை.

"உன்கிட்ட இன்னும் எத்தனை வச்சிருக்கே?" என்றாள் கண்டக்டர்.

"இதான் கடைசி."

"நிஜமாவா?"

"நிஜமா."

கண்டக்டர் மிச்சத் தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரை வைத்தாள். "அப்ப இங்க என்ன நிக்கற? போ. போய் அவ பக்கத்துல நில்லு. ஒண்ணும் பேசாத, சமாதானம் கிமாதானம் சொல்லாத. திட்டினா வாங்கிக்கோ. எனக்குப் பத்தொன்பது நாள் ஆச்சு. அவ உன் பொண்ணு, கூடவும் ஆகும், குறையவும் ஆகும்."

தையலக்கா போனாள். குழாயை மூடவில்லை. மகளுக்கு ஒரு அடி தள்ளி நின்றாள். மரத்தடியிலிருந்து குழந்தை, "பாட்டி, நாலு குட்டி!" என்று கத்தியது. இருவருமே திரும்பிப் பார்த்தார்கள்.